முட்டைக்குள்ளிருந்து ஒரு கீச்சொலி

ஓடு உடையாத முட்டைக்குள்ளிருந்து குஞ்சு கத்தும். காதால் கேட்டேன். விரிசல்கூட விழவில்லை, உள்ளேயிருந்து 'கீச், கீச்'! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஒன்று கத்த, பக்கத்து முட்டை பதில் கொடுக்கிறது. காடைக் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளிருந்தே சத்தம் கொடுத்து ஒரே நேரத்தில் வெளிவர ஏற்பாடு செய்துகொள்ளும் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். எங்கள் நாட்டுக்கோழிக் குஞ்சுகளும் லேசுப்பட்டவை அல்ல!

தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, கம்ப்யூட்டர் ஃபேன், டபிள்யூ 1209 தெர்மோஸ்டாட். இவ்வளவுதான் எங்கள் இன்குபேட்டர். சூடு 37.5 டிகிரி. தினமும் மூன்று தடவையாவது முட்டையைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். 18ஆம் நாள் திருப்புவதை நிறுத்திவிட்டு ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டும். கரிசல் காற்று வறண்டது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால்தான் கட்டுப்படியாகும். சித்திரை, வைகாசி வெயிலில் எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணையில் இதைத் தொடங்கவே கூடாது. தெர்மோஸ்டாட் பல்பை அணைக்குமே தவிர பெட்டியைக் குளிர வைக்காது. நான் கார்த்திகையில் வைத்தேன்.

ஏழாம் நாள் ராத்திரி! விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்தேன். செக்கச் சிவந்த நரம்புகள் சிலந்தி வலையாக ஓட, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி அசைந்தது. அது கண். கோழி இத்தனை காலமும் இறக்கைக்கடியில் வைத்து மறைத்த அதிசயம் என் உள்ளங்கையில் இருந்தது. கூமுட்டை வெறும் வெளிச்சமாகத் தெரியும், உடனே எடுத்துவிடலாம்.

"கோழி இல்லாம குஞ்சாய்யா?" என்று கேட்ட எங்கள் அப்பத்தா, பெட்டிக்குப் பக்கத்தில் கரித்துண்டும் இரும்பாணியும் வைத்துவிட்டுப் போனார். இடிக்கு முட்டை கெடக் கூடாதென்று அடைக்கூடையில் போடுகிற வழக்கம். நாங்களோ பட்டாசுப் பூமியில் இருக்கிறோம். திருக்கார்த்திகைக்குத் தெருவெல்லாம் வெடி. ஒன்றும் ஆகவில்லை.

21ஆம் நாள், குஞ்சுகள் அலகு நுனியிலுள்ள முட்டைப்பல்லால் ஓட்டைச் சுற்றிச் சுற்றி உடைத்துக்கொண்டு வெளியே வந்தன. பல மணி நேரம் ஆகும். கை துறுதுறுக்கும், உரித்துவிடாதீர்கள். மஞ்சள் கருவும் ரத்தமும் குஞ்சின் உடலுக்குள் இழுபட அந்த நேரம் வேண்டும். அந்த மஞ்சள் கருதான் இரண்டு நாளைக்கு அதன் சாப்பாடு. ஒருநாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்துத் தொலைவூர்களுக்கு அனுப்ப முடிவது இதனால்தான். அப்பத்தா முந்தானையில் ஒன்றை ஏந்திக்கொண்டு தெருவுக்கே காட்டினார்.

மின்வெட்டு கொஞ்ச நேரமென்றால் பயப்பட வேண்டாம். அடைக்கோழியும் தினமும் இரையெடுக்க இறங்கிப் போகத்தான் செய்கிறது. கடை வெள்ளை முட்டை பொரிக்காது. சேவலோடு திரியும் கோழியின் முட்டையாக, இட்டு ஒரு வாரத்துக்குள் வாங்குங்கள். அரையாண்டு லீவில் பொரிக்கிற மாதிரி நாளைக் கணக்குப் பண்ணி வையுங்கள், பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்க்கட்டும்.