மார்க்கெட் தெருவின் பழைய டிராம்கள்

சான் ஃபிரான்சிஸ்கோவின் எஃப் டிராம் தடத்தை ஓடும் அருங்காட்சியகம் என்று புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்கு ஒப்பாது. அருங்காட்சியகப் பொருளைத் தொடக் கூடாது. இந்த வண்டிகளிலோ ஊரே தொற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறது. பேருந்துக்கு என்ன கட்டணமோ அதுதான் இதற்கும். மாதச் சீட்டு செல்லும். சுற்றுலாப் பயணிகள் வரிசை கட்டி நிற்கும் கேபிள் காருக்கு அந்த ஊரிலேயே தனிக் கட்டணம், அதுவும் பல மடங்கு.

1980களின் தொடக்கத்தில் மார்க்கெட் தெரு டிராம்கள் சுரங்கப்பாதைக்குள் இறங்கிவிட்டன. மேலே தண்டவாளம் மட்டும் மிச்சம். 1982-ல் கேபிள் கார்களைப் பழுதுபார்க்க நிறுத்தியபோது, அந்தக் குறையை ஈடுகட்ட அடுத்த கோடையில் பழைய டிராம்களைத் திருவிழாவாக ஓட்டிப் பார்த்தார்கள். மக்கள் விடவில்லை, 1987 வரை கோடைதோறும் ஓடின. 1995 செப்டம்பரில் அது நிரந்தரத் தடமானது. 1989 நிலநடுக்கத்தில் சேதமான கடலோர மேம்பாலத்தை இடித்த பிறகு அங்கே வானம் திறந்துகொண்டது. அந்த வெளியில் தண்டவாளம் நீண்டு, 2000-ல் மீன்பிடித் துறையைத் தொட்டது.

தடத்தின் உயிர் பி.சி.சி. என்னும் வண்டி. கார்கள் பெருகி டிராம் கம்பெனிகள் தள்ளாடியபோது, 1929-ல் அவற்றின் தலைவர்கள் ஒரு குழுவாகக் கூடி, வண்டியை அடியிலிருந்து புதிதாக யோசிக்க வைத்தார்கள். 1936-ல் புரூக்ளின் தெருக்களில் அது பயணிகளை ஏற்றியது. அதற்கு முந்தைய டிராமில் ஓட்டுநர் கைப்பிடியை ஒவ்வொரு பல்லாகத் திருப்புவார்; ஒவ்வொரு பல்லுக்கும் நின்றிருப்பவர் ஒரு முறை முன்னும் பின்னும் ஆடுவார். பி.சி.சி.யில் வேகத்துக்கும் பிரேக்குக்கும் காலால் மிதிக்கும் பெடல்கள். மின்சாரம் பல நுண்படிகளில் ஏறுவதால், பால் பொங்குவதுபோல் வேகம் தானே எழும்பி வரும். சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் இடையே ரப்பர் வைத்து, இரும்போடு இரும்பு உரசும் கூச்சலை அடக்கினார்கள். தொழில்நுட்பம் இத்தனை பணிவோடு நடந்துகொள்வதை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

இந்த வண்டிகளில் பல பிலடெல்பியாவில் ஓடித் தேய்ந்தவை. பழையதாக வாங்கி, பி.சி.சி. ஓடிய வெவ்வேறு ஊர்களின் வண்ணங்களைப் பூசியிருக்கிறார்கள். ஒன்று பாஸ்டனின் ஆரஞ்சு. ஒன்று லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துப் பசிபிக் எலக்ட்ரிக் கம்பெனியின் சிவப்பு, முகத்தில் விரிந்த ஆரஞ்சுச் சிறகோடு. பிலடெல்பியா வண்டிக்குப் பாஸ்டன் சட்டையா என்று தூய்மைவாதிகள் முகம் சுளிப்பதுண்டு. நான் வண்ணம் பூசியவர்கள் பக்கம். எல்லா ஊருக்கும் பொதுவாகப் பிறந்த உடல் அது. அந்த உருண்ட மூக்கில் பட்டைக்கோடு வளைந்து குவியும் அழகைப் பார்க்க இத்தனை நிறங்களும் வேண்டும்.

ஆனாலும் என் மனம் முழுதாகச் சாய்வது மிலான் வண்டியிடம். 1928-ல் இத்தாலியில் செய்தது. வடிவத்துக்கு மூலம் அமெரிக்கக் கிளீவ்லாந்து நகரின் பீட்டர் விட் என்பவர். கடல் கடந்து போன யோசனை, மெருகேறிய மரமாகத் திரும்பி வந்திருக்கிறது! இரு பக்கமும் நீளவாக்கில் மரப்பலகை இருக்கைகள், எதிரெதிர் முகங்கள், கண்ணாடிக் குடையிட்ட விளக்குகள். பி.சி.சி. மறைத்த சத்தத்தையெல்லாம் இது உரக்கச் சொல்லும். திருப்பத்தில் மரச்சட்டங்கள் முனகும். இதன் உடன்பிறப்புகள் மிலானில் இன்றும் வேலை செய்கின்றன. முதலில் வரும் வண்டியில் ஏறிவிடாதீர்கள்; மிலான் வரும்வரை நில்லுங்கள்.

முக்கிய நிறுத்தங்களில் சாய்தளத்தோடு ஓர் உயர்ந்த மேடை இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் அதில் ஏறிக் காத்திருப்பார். வண்டி சரியாக அதன் அருகே வந்து நிற்கும். ஓட்டுநர் இடையில் ஒரு பாலப்பலகையைப் போடுவார். இந்த வண்டிகள் பிறந்த காலத்தில் இந்தப் பயணியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பழமை கெடுகிறது என்று இந்த மேடைகளைக் குறை சொல்பவர்களிடம் நான் வாதாடத் தயார்: எஃப் தடத்தில் எனக்கு மிகப் பிடித்த வேலைப்பாடு அதுதான்.