மேலுதடு அசையாத மனிதர்

இறந்து 22 வருஷம் ஆன நடிகரைத் திரையில் பேச வைத்த படம் 'ரோக் ஒன்' (2016). 1977-ல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் டார்க்கின் என்கிற ஆளுநராக நடித்த பீட்டர் குஷிங், 1994-ல் காலமாகிவிட்டார். 'ரோக் ஒன்' கதை முடிகிற இடத்தில்தான் அந்தப் பழைய படம் தொடங்குது. டார்க்கினை விட்டுவிட முடியாது. அதனால் கை ஹென்றி என்ற நடிகரை நடிக்க வைத்து, அவர் முகத்தின் மேல் கணினியில் செய்த குஷிங் முகத்தைப் பொருத்தினார்கள்.

தோலில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. டார்ச் லைட்டை உள்ளங்கையில் அமுக்கிப் பாருங்க, செக்கச்செவேல்னு தெரியும். தோலில் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதி உள்ளே போய்ச் சிதறி, சற்றுத் தள்ளி வெளியே வருவதுதான் காரணம். இதைக் கணக்கிட நல்ல வழி ஒன்றை 2001-ல் ஹென்ரிக் வான் யென்சனும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். பிளாஸ்டிக் பொம்மைத் தோல் மெல்ல மெல்ல ஒழிந்தது.

பின்னே எது உறுத்துது? வாய்தான். அனிமேஷன் குழுவே சொன்ன விஷயம் இது: 'ஆ' என்று ஒலிக்கும்போது குஷிங்கின் மேலுதடு அசையாது, தாடை பாதிதான் திறக்கும், கீழ்ப்பற்கள் தெரியும். ஹென்றி அப்படிப் பேசுபவர் அல்ல. ஆக, ஒருவர் யோசித்து நடித்ததை இன்னொருவருடைய பழக்கத்துக்கு ஏற்ப மூன்றாவது ஆள் திருத்துகிறார். அப்போ திரையில் அதட்டுவது யார்? புருவம், கன்னம், உதடு எல்லாம் சரியாத்தான் நகருது. ஒரே ஆள் நகர்த்தின மாதிரி இல்லை.

இயக்குநர் கேரத் எட்வர்ட்ஸ் ஆரம்பத்தில் சரியாகத்தான் செய்தார். டார்க்கின் முதுகைக் காட்டி நிற்கிறார். முகம் ஜன்னல் கண்ணாடியில் மங்கலாகத் தெரிகிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது. மீதி முகத்தை என் ஞாபகமே வரைந்துகொண்டது. அதோடு விட்டிருக்கலாம். திரும்ப வைத்து, கிட்டத்தில் காட்டி, வசனமும் பேச வைத்தாரே!

'பிளேடு ரன்னர் 2049' (2017) படத்திலும் இளவயது ரேச்சல் கணினி முகத்தோடுதான் வருகிறாள். ஆனா அங்கே கதைப்படியே அவள் நகல். கண் நிறம் தப்பு என்று டெக்கார்ட் அவளை ஒதுக்கிவிடுகிறான். நமக்குத் தோன்றும் நெருடல் கதைக்குள்ளேயே செலவாகிவிடுகிறது.

ஹென்றியை அவருடைய சொந்த வாயோடு விட்டிருந்தால் போதும் என்பேன். 2005-ல் 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்' முடிவில் வெய்ன் பைக்ரம் ஒப்பனையோடு டார்க்கினாக வந்து நின்றார். சில நொடிகள்தான், ஒரு வசனம்கூடக் கிடையாது. நான் நம்பினேன்.