வாய்ப்பூட்டு அமைதி ஆகுமா?

அமைதி வேண்டாம் என்போர் உலகில் இல்லை. அடக்குவோனும் அதையே கேட்கிறான். அடக்கப்படுவோனும் அதையே கேட்கிறான். சொல் ஒன்று, பொருள் வேறு! முன்னவனுக்கு அமைதி என்பது எதிர்க்குரல் எழாத நிலை. பின்னவனுக்கோ, அஞ்சாது வாய் திறக்கும் நிலை. இந்த வேறுபாட்டை மூடி மறைப்பதில் மதபீடங்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்று நாம் கூறினால், "நாத்திகர் பேச்சு" என்று ஒதுக்குவோர் உளர். அவர்கள் முன் இன்று நாம் வைப்பது நாத்திகர் எழுதிய நூலன்று. கிறித்தவப் போதகர்களும் இறையியல் அறிஞர்களும் கூடி எழுதிய சிறு ஏடு. தென்னாப்பிரிக்காவில் 1985 செப்டம்பரில், 150-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு வெளியிட்ட 'கைரோஸ் ஆவணம்' அது. கைரோஸ் எனும் கிரேக்கச் சொல்லுக்கு, முடிவெடுத்தாக வேண்டிய வேளை என்று பொருள்.

எத்தகைய வேளை அது? 1948 முதல் நிறவெறி அங்கே அரசின் கொள்கை. 1985 ஜூலையில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது; கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் படை புகுந்தது. திருச்சபையோ அந்தப் பாவத்தில் பங்கற்றதன்று. சிலரது மனக்குறையை முன்னிட்டு, வெள்ளையரும் மற்றவரும் தனித்தனியே வழிபடலாம் என்று டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் மன்றம் 1857-லேயே இசைவு தந்தது. அன்று சலுகையாக வந்தது, பின்னர் சட்டமாகிச் சமுதாயத்தையே கூறு போட்டது!

இந்த ஏட்டின் சிறப்பு, அது முதலில் தன் வீட்டுக் குப்பையைக் கிளறியதுதான். அரசு பேசும் இறையியலை அது அம்பலப்படுத்துகிறது: ஆள்வோருக்குக் கீழ்ப்படிக எனும் உரோமையர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தைக் காட்டி, கொடுங்கோலுக்குத் தெய்வ முத்திரை குத்துகிறார்களே, அது தகுமா என்று கேட்கிறது. அடுத்து, திருச்சபை பேசும் இறையியலையும் விட்டுவைக்கவில்லை. "இரு தரப்பாரும் சமரசமாகப் போங்கள்" என்று நடுநிலை பேசும் சாந்த உருவங்களை நோக்கி, அநீதி நீங்காமல் சமரசம் ஏது, அடிப்பவனுக்கும் அடிபடுபவனுக்கும் இடையே நடுநிலை ஏது என்று வினவுகிறது. நெஞ்சுரம் மிக்க வினா! நாம் பாராட்டுகிறோம்.

ஆயினும் திறனாய்வு பாராட்டோடு நின்றுவிடலாகாது. உரோமையர் 13-க்கு மறுப்பாக இந்த ஏடு எடுத்துக் காட்டுவது, அரசை விலங்காகச் சித்திரிக்கும் வெளிப்படுத்தல் நூலின் 13-ஆம் அதிகாரத்தை. ஒரே மறை, இரு அதிகாரங்கள், இரு நேர்மாறான தீர்ப்புகள்! கடவுள் எம் பக்கம் என்றது அரசு. இல்லை, ஒடுக்கப்பட்டோர் பக்கம் என்கிறது ஏடு. எது மெய் என்று முடிவு செய்வது எது? மறையன்று, மாந்தர் பட்ட துன்பத்தை எடைபோட்ட மனித அறிவு. அந்த அறிவைத்தான் ஆசிரியர்கள் பயன்படுத்தினார்கள். பெருமையை மட்டும் ஆண்டவனுக்கு அளித்துவிட்டார்கள். ஏட்டின் குறை இதுவே.

அறிவு தீர்ப்பு வழங்க வேண்டுமெனில், அறிந்ததைச் சொல்ல உரிமை வேண்டும். அங்கே அது இருந்ததா? பெயர்ஸ் நாடே எனும் வெள்ளைப் போதகர் நிறவெறியை எதிர்த்துத் தம் சபையை விட்டு வெளியேறியவர். 1977 அக்டோபர் 19-ல் அவர் மீது தடையாணை பாய்ந்தது. 'உண்மைக்காக' எனும் பொருள்படும் பெயர் கொண்ட அவருடைய ஏடும் அன்றே தடை செய்யப்பட்டது. தடையாணைக்கு உள்ளானவர் சொல்வதை அச்சிடுவதே குற்றம்! 1984 வரை நீடித்தது அந்த வாய்ப்பூட்டு. 1988 ஆகஸ்டு 31-ல், திருச்சபைகள் மன்றத்தின் தலைமையகமான 'கோட்சோ இல்லம்' ஜோகன்னஸ்பர்கில் வெடிகுண்டுக்கு இரையாயிற்று. கோட்சோ என்றால் அமைதி! பழியோ விடுதலை இயக்கத்துப் பெண் ஒருவர் மீது சுமத்தப்பட்டது. பழி சுமத்திய அமைச்சரே, பின்னாளில் உண்மை ஆணையத்தின் முன் வந்து, குண்டு வைத்தது தம் காவல்துறை என ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினார். பேச்சுரிமை பூட்டப்பட்ட நாட்டில் பொய்யே அரசாணை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பிரம்புக்கு அஞ்சிய வகுப்பறையின் நிசப்தம் கல்வியாகாது என்பதை ஆசிரியத் தொழில் புரியும் நாம் அறிவோம். நாட்டுக்கும் அதுவே நியதி. 1994-ல் அனைவரும் வாக்களித்தனர். 1996-ன் அரசியல் சட்டம் மனச்சான்றுரிமையையும் எழுத்துரிமையையும் அடுத்தடுத்த பிரிவுகளில் எழுதி வைத்தது. 1997 நவம்பரில் திருச்சபைகளே ஆணையத்தின் முன் நின்று தம் குற்றம் ஒப்புக்கொண்டன. பாவ அறிக்கை கேட்டுப் பழகியோர், பாவ அறிக்கை செய்தனர்! வறுமையும் ஏற்றத்தாழ்வும் அங்கே ஒழிந்துவிடவில்லை. ஆனால், ஒழியவில்லை என்று உரக்கச் சொல்ல இன்று தடையில்லை.

எனவே தோழர்களே, அமைதி பேசும் பீடம் எதுவாயினும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உம்மை மறுத்துப் பேசுவோனுக்கும் நீர் பேச்சுரிமை கேட்பீரா? கேட்போம் என்றால் கரம் கோப்போம். தயங்கினால், அவர்கள் தருவது அமைதியன்று, பூட்டு!