உள்ளே யார் இருக்காங்க?

கோவில்பட்டிக் கரிசல்காட்டில் 11 கே.வி. லைனில் கை வைக்க வேண்டுமென்றால், துணைமின் நிலையத்தில் எல்.சி. (லைன் கிளியர்) வாங்கிய பிறகே லைன்மேன் கம்பம் ஏற வேண்டும். ரவுட்டரைத் திருத்துபவருக்கும் அப்படி ஒரு முறை உண்டு: 'ஷோ யூசர்ஸ்' என்ற கட்டளை.

சிஸ்கோ ரவுட்டரில் இதை அடித்தால் சின்னதாக ஒரு பட்டியல் வரும். யார், எந்த முகவரியிலிருந்து வந்திருக்கிறார், எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார் என்று வரிவரியாகச் சொல்லும். நட்சத்திரக் குறி போட்ட வரி நாம். இன்னொரு வரியில் சும்மா இருந்த நேரம் சில நொடிதான் என்றால், மதுரையிலோ சென்னையிலோ இருந்து ஒருவர் இதே பெட்டிக்குள் மும்முரமாக இருக்கிறார். "அண்ணாச்சி, முடிச்சிட்டீங்களா?" என்று போனில் கேட்டுவிடலாம்.

கேட்பதில் காரியம் இருக்கிறது. வழக்கமான சிஸ்கோ ஐ.ஓ.எஸ். மென்பொருளில் அடித்த கட்டளை அந்த நொடியே அமலுக்கு வரும். நாம் சேமித்தால், அவர் அரைகுறையாக விட்டதும் சேர்ந்தே பதியும். ஜூனிப்பர் ரவுட்டர் இன்னும் விவரமானது. திருத்த நுழையும்போதே, ஏற்கெனவே திருத்திக்கொண்டிருப்பவர் பெயரைச் சொல்லிவிடும். 'கான்ஃபிகர் எக்ஸ்க்ளூசிவ்' என்று நுழைந்தால் மற்றவர் திருத்தாதபடி பூட்டும்.

சிஸ்கோவின் பட்டியல் எதையும் பூட்டாது, யாரையும் தடுக்காது. ஆள் இருப்பதைச் சொல்லி, பேசிக்கொள்ளும் பொறுப்பை நம்மிடம் விட்டுவிடுகிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.