பேசாத இருவர்

கல்லூரியில் படித்த காலத்தில் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’வை இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன். கதாநாயகன் மனத்தில் நிற்கவில்லை, வில்லன்தான் நின்றான். புவா-கில்பெர் என்ற அந்த டெம்ப்ளர் வீரன், ரெபெக்கா என்ற யூதப் பெண்ணைத் தூக்கிச் செல்கிறான். பிறகு அவளுக்காகத் தன் சங்கத்தையே உதறத் துணிகிறான். கடைசியில் எதிரியின் ஈட்டியால் அல்ல, தன் நெஞ்சுக்குள் மூண்ட போராட்டத்தாலேயே மாண்டு விழுகிறான். 1819-ல் வந்த அந்த நாவலில் அவன் ஒருவன்தான் ரத்தமும் சதையுமான பாத்திரம் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவனால் ஒரு தீங்கும் நேர்ந்தது. டெம்ப்ளர் என்றாலே ஆணவம், சூழ்ச்சி, பேராசை என்று கதைகளில் ஒரு வேஷம் நிலைத்துவிட்டது.

வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பார்ப்போம். 1119-ஐ ஒட்டி, ஜெருசலம் செல்லும் யாத்திரிகர்களைக் காப்பதற்காக ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. துறவியின் விரதம், போர்வீரனின் வாள், இரண்டும் ஒரே ஆளிடம். 1139-ல் போப்பாண்டவர் அவர்களைத் தமக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்களாக ஆக்கினார். நிலமும் பொன்னும் தானமாகக் குவிந்தன. ஓர் ஊரில் பணத்தைக் கட்டி வேறோர் ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டையும் நடத்தினார்கள். பிரெஞ்சு அரசரின் கஜானாவே பாரிஸில் அவர்கள் கோட்டையில் இருந்தது. 1291-ல் ஆக்கர் நகரம் விழுந்தது. காக்க வேண்டிய புண்ணிய பூமி கைவிட்டுப் போயிற்று. வேலை போய்விட்டது, சொத்து மட்டும் மிஞ்சியது. பணமுடையில் தவித்த அரசர் நாலாம் பிலிப் அதை எத்தனை நாள் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார்?

1307 அக்டோபர் 12-ஆம் தேதி, அரச குடும்பத்துப் பெண் ஒருத்தியின் சவ ஊர்வலத்தில், சங்கத்தின் தலைவர் ழாக் த மொலே மரியாதைக்குரிய இடத்தில் நடந்தார். மறுநாள் விடியற்காலையில் அவரும் பிரான்ஸ் முழுவதிலுமுள்ள டெம்ப்ளர்களும் கைதானார்கள். சிலுவையின் மேல் துப்பினார்கள், விக்கிரகத்தை வணங்கினார்கள் என்பவை குற்றச்சாட்டுகள். பாரிஸில் விசாரிக்கப்பட்ட 138 பேரில் 134 பேர் ஏதோ ஒரு வகையில் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டார்கள். ‘ஐவன்ஹோ’வில் ரெபெக்காவைச் சூனியக்காரி என்று விசாரிப்பவர்கள் டெம்ப்ளர்கள். சரித்திரத்தில் அதே மாதிரியான விசாரணைக்கு அவர்களே இரையானார்கள்!

பிறகு பலர் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார்கள். அப்படி மாறியவர்களில் 54 பேரை 1310 மே 12 அன்று பாரிஸுக்கு வெளியே உயிருடன் கொளுத்தினார்கள். அவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்ட ஏமெரி என்பவன் மறுநாள் சாட்சி சொல்ல வந்தான். குற்றங்களெல்லாம் பொய் என்றான். ஆனால் தீக்குப் பயந்து எதையும் ஒப்புக்கொள்வேன், ஆண்டவனையே கொன்றேன் என்று சொல்லச் சொன்னாலும் சொல்வேன் என்றான். இந்தப் பதிவேடுகளை மிஷ்லே 1841-லும் 1851-லும் அச்சிட்டார். ஆகவே ஸ்காட்டை மன்னித்துவிடலாம். அவர் காலத்தில் இவை அச்சில் இல்லை.

பின்னால் வந்தவர்களுக்கு அந்தச் சாக்குக் கிடையாது. 1955-ல் த்ரூவோன் எழுதிய ‘இரும்பு அரசன்’ விறுவிறுப்பான நாவல்தான். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது மொலே சிதையிலிருந்து இட்டதாகச் சொல்லப்படும் சாபம். அரசரையும் போப்பாண்டவரையும் ஒரு வருஷக் கெடு வைத்து அழைத்தார் என்ற கதை பிற்காலத்தில் வளர்ந்தது. 1988-ல் எக்கோ, டெம்ப்ளர் ரகசியம் தேடும் பைத்தியத்தையே அழகாகக் கேலி செய்தார். அவருக்கும் டெம்ப்ளர் ஒரு புதிர்தான். பயந்து நடுங்கிய மனிதன் அல்ல.

1314 மார்ச்சில் நோத்ர்தாம் கோயிலின் முன்னே நான்கு முதியவர்களை நிறுத்தினார்கள். சங்கத்தைப் போப்பாண்டவர் இரண்டு வருஷங்களுக்கு முன்பே கலைத்துவிட்டார். காப்பாற்ற இனி எதுவும் இல்லை. ஆயுள் சிறை என்று தீர்ப்பு வாசிக்கப்பட்டது. கைதான பதினோராம் நாளே ஒப்புக்கொண்டிருந்த மொலே, எல்லாம் பொய் என்று உரக்கச் சொன்னார். ஷார்னே என்பவரும் சேர்ந்துகொண்டார். பொழுது சாய்வதற்குள் இருவரையும் சேன் நதியின் தீவில் எரித்துவிட்டார்கள்.

மற்ற இருவர், பெரோவும் கோன்வீலும், வாய் திறக்கவில்லை. சிறைக்குத் திரும்பினார்கள்.

பேசியவர்களுக்குக் காவியம் போதும். பேசாதவர்களுக்குத்தான் நாவல் வேண்டும். பொய்யான வாக்குமூலத்தோடு மிச்ச நாட்களைக் கழித்தவர்களின் மனத்துக்குள் நுழைய இந்த மூவருமே முயலவில்லை. வீரனை எழுதுவது சுலபம், நானும் எழுதியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு பிழைத்தவனை எழுத வேண்டுமானால், எழுதுகிறவன் முதலில் தன்னையே சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும்.