எட்டு மணி நேரத்து ருசி

உல்லாசக் கப்பலில் பிரயாணம் செய்கிறவனுக்கு ஒரு நாடு என்பது எட்டு மணி நேரம். அதற்குள் அந்த நாட்டு மதுவை ருசித்து அபிப்பிராயமும் சொல்லிவிட முடியுமா? முடியும், எந்தப் பக்கம் வண்டி ஏறுகிறோம் என்பதைப் பொறுத்தது. (யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. பேச்சு ரசனையைப் பற்றியது.)

துருக்கியின் குஷாதாசித் துறைமுகத்தில் இறங்குகிறவர்களுக்கு எபேசஸ் இடிபாடுகளைக் காட்டிவிட்டு, ஷிரின்ஜே என்ற மலைக் கிராமத்துக்கு அழைத்துப் போகிறார்கள். கடைக்குக் கடை சின்னக் கிண்ணங்களில் ஊற்றித் தருகிறார்கள். மாதுளை, பீச், செர்ரி, முசுக்கட்டை என்று எல்லாம் பழ மது, எல்லாம் தித்திப்பு. மூன்றாவது கிண்ணத்துக்கு மேல் எது என்ன பழம் என்று நாக்குக்குத் தெரிவதில்லை. சர்க்கரை தூக்கலாகிவிட்ட பாயசத்தில் ஏலக்காயைத் தேடுகிற கதைதான். இதையே துருக்கி ஒயின் என்று நினைத்து வாங்கிப் போகிறார்கள். அது துருக்கிக்கு இழைக்கும் அநியாயம்.

ஷிரின்ஜேயில் முன்பு வாழ்ந்தவர்கள் கிரேக்கர்கள். 1922-ல் போர் அவர்களை விரட்டியது. 1923-ல் இரு நாடுகளும் மக்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் செய்தபின், கிரீஸிலிருந்து வந்த முஸ்லிம்கள் அந்த வீடுகளில் குடியேறினார்கள். திதோ சோதிரியு 1962-ல் எழுதிய கிரேக்க நாவலின் கதாநாயகன் இந்த ஊர்க்காரன். அதைப் படித்தவனுக்கு அந்தக் கிண்ணத்தில் இல்லாதது எது என்று தெரியும்.

இஸ்மீரில் கப்பல் நின்றால் அதிர்ஷ்டம். அங்கிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் ஊர்லா இருக்கிறது. 1963-ல் நோபல் பரிசு பெற்ற கவி செஃபெரிஸ் பிறந்த ஊர். இங்கே சிறு தோட்டக்காரர்கள் ஊர்லா கராசி என்ற உள்ளூர்க் கறுப்புத் திராட்சைக்கு மறுவாழ்வு கொடுத்திருக்கிறார்கள். கிழக்குத் துருக்கியின் போகாஸ்கெரே திராட்சையையும் ருசித்தேன். தொண்டையை எரிப்பது என்று அந்தப் பெயருக்கு அர்த்தம், பெயர் பொய்யில்லை. அந்த முரட்டுத்தனத்தை அடக்க, 'எருதின் கண்' என்று பெயர் கொண்ட ஒக்கூஸ்கோஸூவுடன் கலப்பது வழக்கம். கலந்தபின் துவர்ப்பும் பழச்சுவையும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கின்றன.

குறையும் உண்டு. சிலர் பிரெஞ்சுத் திராட்சையை நட்டு, ஓக் பீப்பாயின் வாசனையைத் தூக்கலாக்கிவிடுகிறார்கள். அது மொழிபெயர்ப்புக் கதை மாதிரி: பிழை சொல்ல முடியாது, ஊர் வாசனையும் இல்லை.

துருக்கியில் விளையும் திராட்சையில் மிகச் சிறு பங்கே மதுவாகிறது. 2013-ல் வந்த சட்டம் மது விளம்பரத்தையும் தடுத்துவிட்டது. தன் சரக்கைப் பற்றித் தானே பேச முடியாத தோட்டக்காரனுக்கு, வந்து ருசித்தவன் ஊரில் போய்ச் சொல்லும் வார்த்தைதான் மிச்சம். அந்த வார்த்தையைச் சர்க்கரைத் தண்ணீருக்குச் செலவழிப்பது எனக்குச் சம்மதமில்லை. ஷிரின்ஜேயை அதன் வீடுகளுக்காகப் பாருங்கள். ருசிப்பதை ஊர்லாவில் வைத்துக்கொள்ளுங்கள்.