உயிர் கேட்கும், மெய் கேட்காது

காது மந்தமான முதிய குருவிடம் ஒப்புரவு அருட்சாதனத்திற்கு நிற்கும் வரிசை நீளமாயிருக்கும் என்பதை நம் இறைமக்கள் நன்கறிவர். குருவின் செவிக்குறையால் பிறர் அடையும் நன்மை அது. செவிப்புலன் குன்றியவருக்கே அதனால் ஏதேனும் நன்மை உண்டா? இக்கேள்வியை நகைச்சுவையோடு தொடங்கி, நெஞ்சைத் தொடும் இடத்திற்கு நம்மை அழைத்துச் செல்கிறது 2008-இல் வெளிவந்த 'டெஃப் சென்டன்ஸ்' என்னும் ஆங்கிலப் புதினம். ஆசிரியர் டேவிட் லாட்ஜ் (1935–2025), கத்தோலிக்கராக வளர்ந்தவர். 1987 வரை பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். கதைத்தலைவரின் செவிக்குறையும் தந்தையின் பாத்திரமும் தம் சொந்த அனுபவத்தில் ஊற்றெடுத்தவை என்று அவரே நூலில் கூறியுள்ளார்.

தலைப்பே ஒரு சிலேடை. 'டெத் சென்டன்ஸ்' என்றால் மரண தண்டனை. முதற்சொல்லின் ஈற்றொலியைப் பிடிக்க இயலாத காதில் அது 'டெஃப்', அதாவது செவிடு, என்று விழும். வேற்றுமொழியில் இது தங்காது என்பதை உணர்ந்த லாட்ஜ், நூலைத் தம் மொழிபெயர்ப்பாளர்களுக்கே காணிக்கையாக்கினார். தமிழரான நமக்கோ நம் இலக்கணமே துணைநிற்கிறது. முதுமையில் முதலில் குன்றுவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். அதனால் உயிரொலிகள் கேட்கும்; வல்லின மெய்கள் நழுவும். 'பால்', 'கால்' இரண்டும் ஒன்றாய் ஒலிக்கும். சொல்லின் உயிர் வந்து சேர, மெய் வழியில் தொலைந்துவிடும்!

கதைத்தலைவர் டெஸ்மண்ட் பேட்ஸ் ஓய்வுபெற்ற மொழியியல் பேராசிரியர். ஓவியக் கண்காட்சி ஒன்றின் இரைச்சலில் இளம்பெண் ஒருத்தி பேசுவது விளங்காமலே தலையாட்டுகிறார். பின்னர் வரும் இடர்களுக்கு அத்தலையாட்டலே வித்து. கூட்டத்தில் ஒருவர் குரலை மற்றவர் விஞ்ச முயன்று, இறுதியில் எல்லாரும் கத்த எவரும் கேளாத நிலை உருவாவதை அவர் நுட்பமாக விளக்குகிறார். செவித்துணைக் கருவியைக் கழற்றினால் அவருக்கு மட்டும் அமைதி வாய்க்கும். இதுவே செவிக்குறையின் பெரும் நன்மை என்று எண்ணத் தோன்றும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கருவியைக் கழற்றுபவர் இரைச்சலோடு மனைவியின் குரலையும் அல்லவா கழற்றி வைக்கிறார்!

புதினம் உணர்த்தும் மெய்யான நன்மை வேறு. செவிப்புலன் குன்றியவரால் அரைகுறையாகக் கேட்க முடியாது. நாம் நாளிதழில் கண்பதித்தபடியே 'உம்' கொட்டுகிறோம். அவரோ கைவேலையை நிறுத்தி, திரும்பி, பேசுபவரின் முகத்தை நோக்கியாக வேண்டும். பேசுபவரும் அருகில் வந்து, முகம் காட்டி, ஒவ்வொருவராய்ப் பேசியாக வேண்டும். இலண்டனில் தனித்து வாழும் முதிய தந்தை, முன்னாள் நடன இசைக்கலைஞர், அவருக்கும் காது கேளாது. தந்தையும் மகனும் உரத்துப் பேசிக்கொள்ளும் இடங்களில் நாம் வாய்விட்டுச் சிரிக்கிறோம். தந்தை பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தபின் அருகிருத்தல் மட்டுமே எஞ்சுகிறது. சிரித்த நாமே அங்கே தலைகுனிகிறோம்.

போலந்திற்குச் செல்லும் டெஸ்மண்ட், அவுஷ்விட்ஸ் முகாமையும் காண்கிறார். அங்கே கைதி ஒருவர் தம் மனைவிக்கு எழுதிப் புதைத்து வைத்த மடலைப் பற்றி அறிகிறார். இல்லறத்தில் நேர்ந்த சிறு மனத்தாங்கல்களை எண்ணி வருந்தும் மடல் அது. தவறாகக் கேட்டதாலேயே நாள்தோறும் மனைவியோடு பிணங்கியவருக்கு, கண் வழியே வந்த அச்சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன. புதினத்தின் உச்சம் இதுவே. இதன்முன் அந்த இளம்பெண்ணின் கிளைக்கதை வலுவிழந்து நிற்பதைக் குறையாகவே சொல்ல வேண்டும். எனினும், இறுதியில் டெஸ்மண்ட் உதட்டசைவைப் படிக்கும் வகுப்பில் மாணவராய் அமர்வது நிறைவளிக்கிறது.

மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் செவிடரைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் செல்கிறார். காதுகளில் விரலிட்டு, நாவைத் தொட்டு, வானை நோக்குகிறார். சொல் பிறக்குமுன் அவர் செய்த அனைத்தும் அம்மனிதர் உணரக் கூடியவை. நாமோ 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று பழமொழி சொல்லி நகர்கிறோம். ஊதியவர் எதிரே வந்து நின்றாரா என்று வினவுவதில்லை. இருமுறை சொல்லிச் சலித்து, மூன்றாம் முறை "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று பெரியவர்களிடம் கூறிவிடும் இல்லங்கள் நம் பங்குகளில் பல உண்டு. காது நன்றாய்க் கேட்கும் பிள்ளைகளே இந்நூலை முதலில் படிக்க வேண்டும்.